பேராசிரியர்களுக்கான கற்பித்தல் பயிலரங்கு: திட்டமிடுவது முதல் தொடர்பணி வரை முழுமையான வழிகாட்டி

"அடுத்த மாதம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கு வைக்கணும், நீங்களே பொறுப்பெடுத்துக்குங்க" என்று துறைத்தலைவர் சொன்னதும் பெரும்பாலோர் மூன்று வேலைகளில் இறங்குவார்கள்: அரங்கத்தைப் பதிவு செய்வது, பெயர்பெற்ற பேச்சாளரை அழைப்பது, சான்றிதழை அச்சுக்குக் கொடுப்பது. முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு நாள், எட்டு உரைகள். மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தல் பற்றி ஒருவர் 90 நிமிடம் இடைவிடாமல் பேசினார். கடைசி வரிசையில் சிலர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். கருத்துப் படிவத்தில் எல்லாரும் 'மிக நன்று' என்று டிக் அடித்தார்கள். ஒரு மாதம் கழித்து, வந்திருந்தவர்களில் ஆறு பேரின் வகுப்புகளில் அனுமதி கேட்டு உட்கார்ந்து பார்த்தேன். எதுவும் மாறியிருக்கவில்லை.

அந்த ஆறு வகுப்புகளுக்குப் பிறகு நான் பயிலரங்கு நடத்தும் விதம் மாறியது. அரங்கத்தை மனதில் வைத்துத் திட்டமிட்டால் எல்லாம் அரங்கத்தோடு முடிந்துவிடும். ஒரு ஆசிரியர் அடுத்த வாரம் எடுக்கப்போகும் ஒரு வகுப்பை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு வகுப்பை நோக்கியே போகின்றன.

படி 1: தேவையை வகுப்பறையில் தேடுங்கள்

"எந்தத் தலைப்பில் பயிற்சி வேண்டும்?" என்று படிவம் அனுப்பினால் அந்த வருடம் பேச்சில் அடிபடும் தலைப்புகள்தான் திரும்பி வரும். தன் மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று யாரும் அந்தப் படிவத்தில் எழுதுவதில்லை. பல நேரம் ஆசிரியருக்கே அது தெரிந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்ள மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, விடைத்தாள். பலர் சறுக்கிய ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு வந்த முப்பது விடைகளை மேசையில் பரப்புங்கள். ஒருமுறை புள்ளியியல் தாள்களை அப்படிப் பார்த்தோம். திட்டவிலக்கத்தை, அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை, நான்கு தசம இடம் வரை சரியாகக் கணக்கிட்டிருந்தார்கள். அடுத்த வரியில், "இந்த இரண்டு குழுக்களில் எதன் மதிப்பெண்கள் சீராக இருக்கின்றன?" என்ற கேள்வி. பாதிப் பேர் திட்டவிலக்கம் அதிகமான குழுவை எழுதியிருந்தார்கள், சிலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். பாடம் எடுத்தவர் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சூத்திரத்துக்கு மூணு வகுப்பு எடுத்தேன். அது எதுக்குன்னு சொல்ல அஞ்சு நிமிஷம்கூட எடுக்கலை." அந்தப் பயிலரங்குக்கு என்ன தலைப்பு வைப்பது என்று அதற்குப் பிறகு நாங்கள் விவாதிக்கவே இல்லை.

இரண்டாவது, மாணவர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல இடங்களுக்குப் பரவிய சிறுகுழு உரையாடல் முறை ஒன்று உண்டு. பருவத்தின் நடுவே ஆசிரியர் ஒரு வகுப்பின் கடைசி 25 நிமிடத்துக்கு வெளியே போய்விடுவார். வேறொருவர் உள்ளே வந்து மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, கற்க எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, என்ன மாற்றினால் நல்லது என்று கேட்பார். குழுக்கள் ஒத்துக்கொண்ட கருத்துகள் மட்டும், யார் பெயரும் இல்லாமல், ஆசிரியருக்குப் போகும். பருவ முடிவில் நிரப்பும் படிவத்தைவிட இது பல மடங்கு பயன்தரும், ஏனென்றால் சொன்ன மாணவர்களுக்கே அந்த மாற்றம் கிடைக்கும்.

மூன்றாவது, வகுப்பு. 2013-இல் வெளியான கோபஸ் என்ற கண்காணிப்பு முறை பிரிட்டிஷ் கொலம்பியா, மெய்ன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உருவாக்கியது. ஒவ்வொரு 2 நிமிடக் கட்டத்திலும் ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் குறியீடாகக் குறிக்க வேண்டும். நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு எதுவும் கிடையாது. ஒன்றரை மணிநேரப் பயிற்சி போதும். முடிவில், "50 நிமிடத்தில் மாணவர்கள் வாய்திறந்தது இரண்டு கட்டங்களில்" என்கிற மாதிரித் தெளிவான படம் கிடைக்கும். ஒரே நிபந்தனை, முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், பார்த்ததை அந்த ஆசிரியரைத் தவிர யாரிடமும் காட்டக் கூடாது. இதில் ஒரு தடவை தவறினாலும் அடுத்த வருடம் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

படி 2: தலைப்பை ஒரு பழக்கமாகச் சுருக்குங்கள்

'புதுமைக் கற்பித்தல் உத்திகள்' என்பது ஒரு தலைப்பு. அதைக் கேட்டுவிட்டுப் போகிற ஆசிரியர் திங்கட்கிழமை காலை என்ன செய்வார்? 'கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது' என்பது ஒரு பழக்கம். அதைச் செய்ய முடியும், செய்தாரா என்று எண்ணிப் பார்க்கவும் முடியும்.

காத்திருப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, தாமாக முன்வந்து பேசுவோர் கூடினார்கள், மௌனமும் 'தெரியாது' என்ற பதிலும் குறைந்தன. பல்கலைக்கழக வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தால், "புரிஞ்சுதா?" என்ற சொல் முடிவதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடுவதைக் காணலாம்.

ஒரு பயிலரங்குக்கு இப்படி ஒரு பழக்கம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதைவிட அதிகம் வைத்துக்கொண்டால் ஒன்றுகூட நிற்காது. பயிலரங்கின் நோக்கத்தை, "முடிவில் ஒவ்வொருவரும் தம் அடுத்த வகுப்பில் ______ செய்வார்கள்" என்று எழுதிப் பாருங்கள். கோடிட்ட இடத்தில் 'அறிந்துகொள்வார்கள்', 'உணர்வார்கள்' மாதிரிச் சொற்கள் வந்தால் திரும்ப எழுதுங்கள்.

படி 3: யார், எத்தனை பேர், எப்போது

20 பேர் போதும், 24-ஐத் தாண்டவேண்டாம். காரணம் ஐந்தாம் படியில் வரும். ஒரே துறையிலிருந்து தனியாக ஒருவரை அழைக்காதீர்கள், இரண்டிரண்டு பேராக அழையுங்கள். தனியாகத் திரும்பிப் போகிறவர் துறையின் பழைய ஓட்டத்தில் கரைந்துவிடுவார். இருவராகப் போனால் தேநீர் குடிக்கும்போதாவது அதைப் பற்றிப் பேச்சு வரும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் பயிற்சி என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 25 வருடம் பாடம் எடுத்த மூத்தவர் ஒருவர், "நானும் இதை முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்று சொன்னால் அறையில் இருக்கும் இளையவர்களுக்கு அது பெரிய அனுமதி.

தொடர்ந்து மூன்று நாள் வைப்பதைவிட, இரண்டு வார இடைவெளியில் மூன்று அரைநாள் வைப்பது மேல். இடைவெளியில்தான் ஆசிரியர் தன் வகுப்பில் முயன்று பார்ப்பார், தடுக்கிய இடத்தோடு அடுத்த அமர்வுக்கு வருவார். தேர்வு நாட்களையும் மதிப்பெண் பதிவேற்றும் வாரத்தையும் தவிருங்கள். பங்கேற்பவர்களின் வகுப்புகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "வகுப்பையும் பாருங்க, பயிலரங்குக்கும் வாங்க" என்றால் உடம்பு மட்டும்தான் வரும்.

படி 4: கருத்தாளரைத் தேர்ந்தெடுப்பது

பயிலரங்கை நடத்த வரும் கருத்தாளர் எத்தனை கட்டுரை வெளியிட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டாம். இந்தப் பருவத்தில் அவர் வகுப்பு எடுக்கிறாரா என்று பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் செய்துபார்த்துச் சரிவராமல் போனது எது?" அதற்கு விரிவாகப் பதில் சொல்பவரை அழையுங்கள். முடிந்தால் இருவர் இருப்பது நல்லது. ஒருவர் கற்பித்தல் முறை தெரிந்தவராக இருக்கட்டும், இன்னொருவர் பங்கேற்பவர்களின் துறையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். கணிதத்தில் எடுபடும் உத்தி இலக்கிய வகுப்பில் அப்படியே எடுபடாது, அந்த வேறுபாட்டைச் சொல்ல அந்தத் துறைக்காரர் வேண்டும்.

படி 5: உரையைக் குறையுங்கள், ஒத்திகையைக் கூட்டுங்கள்

பயிலரங்கின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது, நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

முதல் ஒரு மணிநேரம் கருத்தாளர் அந்தப் பழக்கத்தைப் பேசிக் காட்டாமல் செய்து காட்ட வேண்டும், பங்கேற்பவர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். உதாரணமாக, ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய சகமாணவர் கற்பித்தல் முறையை எடுத்துக்கொள்வோம். சிந்திக்க வைக்கும் ஒரு பலவுள் தெரிவு வினாவைத் திரையில் காட்டுகிறோம். பேசாமல் தனியாக யோசித்து ஒவ்வொருவரும் பதில் தருகிறார்கள். சரியான பதில் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தம் காரணத்தைச் சொல்லி விவாதிக்கச் சொல்கிறோம், பிறகு மறுபடி பதில் வாங்குகிறோம். 30-க்குக் கீழே என்றால் விவாதிக்க ஆள் இல்லை என்று பொருள், ஆசிரியரே இன்னொரு முறை விளக்க வேண்டும். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். கருவி எதுவும் கட்டாயமில்லை, அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும். சரியான பதில் தெரியாமல் அட்டையை உயர்த்தும்போது உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு பேராசிரியர் பல வருடம் கழித்து மறுபடி உணர்வார். அதை எந்த உரையாலும் தர முடியாது.

அடுத்து நுண்ணிலைக் கற்பித்தல். 1960-களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் ஆசிரியர் பயிற்சிக்காக உருவாக்கியது இது. சிறு பாடம், உடனே கருத்து, அதே பாடம் மறுபடி என்பது அதன் வரிசை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1970-களின் இறுதியில் கல்லூரி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய கற்பித்தல் திறன் பயிலரங்கும் இதே அச்சில் சுழல்கிறது. அங்கே ஒவ்வொருவரும் பத்து நிமிடப் பாடம் எடுப்பார்கள், கூட இருப்பவர்கள் மாணவர்களாக உட்காருவார்கள்.

நேரக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். பாடம் 10 நிமிடம், எழுத்தில் கருத்து 5 நிமிடம், பேச்சு 15 நிமிடம், இடம் மாற 5 நிமிடம். ஒருவருக்கு 35 நிமிடம், ஐந்து பேருக்கு 175 நிமிடம், ஏறக்குறைய மூன்று மணிநேரம். 20 பேர் என்றால் நான்கு குழு, நான்கு அறை, நான்கு வழிநடத்துநர். 20 பேர் போதும், 24-ஐத் தாண்டவேண்டாம் என்றது இதனால்தான். 60 பேரை வைத்துக்கொண்டு, "நேரமில்லை, இரண்டு பேர் மட்டும் வந்து செய்து காட்டுங்கள்" என்றால் மீதி 58 பேரும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

குழுவில் வெவ்வேறு துறையினரைக் கலந்து போடுங்கள். ஒரு பொருளாதார ஆசிரியர் 'வாய்ப்புச் செலவு' (ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாம் விட்டுவிடுவதன் மதிப்பு) எடுத்தார். அருமையான கேள்வியோடு தொடங்கினார்: "இன்னைக்கு இங்க வர்றதுக்காக நீங்க எதை விட்டுட்டு வந்தீங்க?" கேட்டுவிட்டு மூச்சு விடுவதற்குள் அவரே பதிலும் சொல்லிவிட்டார். பாடம் முடிந்ததும் உயிர்வேதியியல்காரர் ஒருவர் தயக்கத்தோடு, "நான் யோசிச்சிட்டே இருந்தேன் சார், சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீங்க" என்றார். செல்பேசிப் பதிவை ஓட்டிப் பார்த்தபோது அந்த உயிர்வேதியியல்காரரின் வாய் பாதி திறந்து மூடுவது தெரிந்தது. அடுத்த அமர்வில் அதே பாடம், அதே கேள்வி. இந்த முறை கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏழு வினாடி. அறையில் இருந்த எங்களுக்கே அது நீளமாகத் தெரிந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பதில்கள், அதில் ஒன்று அவர் எதிர்பாராதது. மீதிப் பாடத்தை அந்தப் பதிலை வைத்தே நடத்தி முடித்தார்.

கருத்து சொல்வதற்கு விதி வேண்டும், இல்லாவிட்டால் அது விசாரணை ஆகிவிடும். முதலில் பாடம் எடுத்தவர் பேச வேண்டும். அடுத்து மற்றவர்கள், தமக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். "நீங்க ரொம்ப வேகமா போறீங்க" என்பது தீர்ப்பு. "இரண்டாவது படம் வந்தப்போ எனக்குத் தொடர்பு விட்டுப்போச்சு" என்பது செய்தி, அதை வைத்து ஆசிரியர் ஏதாவது செய்ய முடியும். முடிவில், மாற்றப்போவது ஒன்றே ஒன்று என்று அவரே தேர்ந்தெடுத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

படி 6: எழும் தடைகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்

"பாடத்திட்டத்தை முடிக்கணுமே!" எல்லாப் பயிலரங்கிலும் வரும் குரல் இது. இதை ஒதுக்கித்தள்ளக் கூடாது, நியாயமான கவலைதான். ஆளுக்கு ஒரு அலகை எடுத்துக்கொண்டு, மாணவர் தாமே படித்துக்கொள்ளக்கூடியது எது, வகுப்பில் உடனிருந்து செய்தே ஆக வேண்டியது எது என்று அங்கேயே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 40 நிமிடம் ஒதுக்கினால் போதும், நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

"இதற்கெல்லாம் சான்று இருக்கிறதா?" ஆய்வாளர்கள் இப்படித்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஸ்காட் ஃபிரீமனும் சக ஆய்வாளர்களும் 2014-இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிப் பகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 சதவீதம்.

"மாணவர்களுக்கே உரைதான் பிடிக்கிறது." இதுவும் உண்மைதான். 2019-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில், பங்கேற்று இயற்பியல் கற்ற மாணவர்கள் சோதனையில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மெருகான உரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல இருக்கும், தாமே போராடும்போது அந்தச் சுகம் இருக்காது. ஆகவே பருவத்தின் முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் இதை விளக்கிச் சொல்லும்படி ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். புதிய முறையை முயன்ற பருவத்தில் மாணவர் மதிப்பீடு சற்றுக் குறைந்தால் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று நிர்வாகத்திடமும் பேசி வையுங்கள். இதைச் செய்யாமல் மாற்றத்தை எதிர்பார்ப்பது ஆசிரியருக்குச் செய்யும் அநியாயம்.

படி 7: அன்றைய ஏற்பாடுகள்

நாற்காலிகள் நகர்த்தக்கூடியவையாக இருக்க வேண்டும், படிக்கட்டு அரங்கம் வேண்டாம். தொடக்க நிகழ்ச்சி 15 நிமிடத்துக்குள் முடியட்டும். ஒவ்வொருவரும் தாம் இந்தப் பருவத்தில் எடுக்கும் பாடத்தின் ஒரு அலகு, ஒரு வினாத்தாள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள், முந்தைய நாள் நினைவூட்டுங்கள். இவை இல்லாமல் வந்தால் பேச்செல்லாம் பொதுவாகவே போய்விடும்.

படி 8: பயிலரங்குக்குப் பிந்தைய ஆறு வாரம்

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-களில் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்து அழுத்திச் சொன்னது இது: கோட்பாடு, செய்துகாட்டல், பயிற்சி, கருத்து எல்லாம் இருந்தும், வகுப்பறையில் துணை நிற்க ஒருவர் இல்லையென்றால் கற்றது பெரும்பாலும் வகுப்புக்குள் நுழைவதில்லை. பலர் தொடர்பணி என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது போதாது.

முதல் அமர்வு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு பக்கத் திட்டம் எழுத வேண்டும். எந்த வகுப்பு, எந்தத் தேதி, எந்த நிமிடத்தில், என்ன கேள்வி, சரிவராவிட்டால் என்ன செய்வேன் என்ற ஐந்து வரிகள். பிறகு இருவர் இருவராக இணையுங்கள். வகுப்புக்கு முன் 10 நிமிடம் சந்தித்து, "எதைக் கவனிக்கட்டும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பில் அதை மட்டும் கவனிக்க வேண்டும். அன்றே 15 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்த வாரம் இடம் மாற்றிக்கொள்ளலாம். இந்தக் குறிப்புகள் பதவி உயர்வுக் கோப்புக்குள் போகக் கூடாது. துறைத்தலைவரையும் அவருடைய துறையில் இருக்கும் இளையவரையும் இணையாகப் போடாதீர்கள், இருவருக்குமே சுதந்திரம் இருக்காது.

இணை வாய்க்காதவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. வகுப்பின் கடைசி நிமிடத்தில் மாணவர்களிடம் துண்டுத்தாள் கொடுத்து, இன்று கற்றதில் முக்கியமானது எது, இன்னும் குழப்பமாக இருப்பது எது என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லலாம். அறுபது தாளைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகும். அடுத்த வகுப்பை அந்தக் குழப்பத்திலிருந்து தொடங்க வேண்டும். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டால் மூன்றாவது வாரம் வெற்றுத்தாள்தான் வரும்.

படி 9: பயன் இருந்ததா என்று அளப்பது

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு நிலைகள் இன்றும் உதவுகின்றன: பிடித்திருந்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா. நம் கருத்துப் படிவங்கள் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. "உணவு எப்படி இருந்தது, அரங்கம் எப்படி இருந்தது" என்ற கேள்விகளை அடுத்த ஏற்பாட்டுக்காக வைத்துக்கொள்ளலாம், பயிலரங்கின் மதிப்பு அதில் தெரியாது.

மூன்றாம் நிலைக்கு, முதல் படியில் பயன்படுத்திய அதே 2 நிமிடக் குறியீட்டுத் தாளை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் கழித்து அதே வகுப்பில் உட்காருங்கள். அன்று இரண்டு கட்டத்தில் பேசிய மாணவர்கள் இன்று எத்தனை கட்டத்தில் பேசுகிறார்கள்? நான்காம் நிலைக்கு, பருவ முடிவில் அதே வகைக் கேள்விக்கு வந்த விடைகளை மறுபடி மேசையில் பரப்புங்கள். அந்த வித்தியாசம் முழுவதும் பயிலரங்கால் வந்தது என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டாம். மாணவர்கள் வேறு, வினாத்தாள் வேறு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

சான்றிதழை முதல் நாள் மாலையில் கொடுக்காதீர்கள். மூன்றாவது அமர்வில், தன் வகுப்பில் முயன்றதற்கான ஒரு தாளோடு வருபவருக்குக் கொடுங்கள். அது மாணவர் எழுதிய துண்டுத்தாளாகவோ, இணை எழுதிய குறிப்பாகவோ இருக்கலாம். முயன்று தோற்றதாக எழுதியிருந்தாலும் சான்றிதழ் உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். அப்போதுதான் உண்மை வரும்.

கடைசியாக, அடுத்த வருடம் பொறுப்பேற்பவருக்காக ஒரு கோப்பு வையுங்கள். நேர அட்டவணை, அனுமதிக் கடிதங்கள், கருத்து சொல்லும் விதிகள், ஒரு பக்கத் திட்டங்களின் படிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். எங்கள் கோப்பில் முதல் தாளாக அந்தப் புள்ளியியல் ஆசிரியருடைய திட்டம் இருக்கிறது. "முதல் முறை கேள்வி கடினம், யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை இரண்டு குழுக்களின் மதிப்பெண்களையும் பலகையில் எழுதிவிட்டுக் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து கோடு போட்டுக் காட்டினாள்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்.